ஒன்றுபோலத் தெரியும் ஆழ்கடல் சுறாக்களைப் பிரித்தறிவது: மேசையில் தொடங்கி டிஎன்ஏ வரை

மேசையில் சாம்பல் நிறத்தில் இரண்டு சுறாக்கள். இரண்டுக்கும் பெரிய கண். இரண்டு முதுகுத் துடுப்புகளின் முன்னாலும் ஒவ்வொரு முள். குதத் துடுப்பு இல்லை. நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான். அடையாளக் குறிப்புகளைப் புரட்டினால் பத்து இனங்களுக்கு இதே வர்ணனை இருக்கிறது. ஆழ்கடல் சுறாக்களை அடையாளம் காணப் பழக வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே இந்த இடத்துக்கு வந்துவிடுவார்கள். இங்கிருந்து ஒரு சரியான பெயருக்குப் போய்ச் சேரும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெயர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். வட பசிபிக்கில் வாழும் புள்ளி போட்ட முள்சுறாவையும் அட்லாண்டிக்கில் வாழ்வதையும் பல காலம் ஸ்குவாலஸ் அகாந்தியாஸ் என்ற ஒரே பெயரில்தான் அழைத்தார்கள். 2010-இல்தான் வட பசிபிக் சுறா தனி இனம் என்று மறுபடி நிறுவப்பட்டு, 19-ஆம் நூற்றாண்டிலேயே அதற்கு வைத்திருந்த ஸ்குவாலஸ் சக்லியை என்ற பெயர் திரும்ப வந்தது. வட பசிபிக் பெண் சுறா பருவத்துக்கு வரச் சுமார் 35 ஆண்டுகள் ஆகும். வட அட்லாண்டிக் பெண் சுறாவுக்குச் சுமார் 12 ஆண்டுகள் போதும். அட்லாண்டிக் கணக்கை வைத்துப் பசிபிக் சுறாவுக்குப் பிடிப்பு வரம்பு போட்டால், ஒரு தடவைகூடக் குட்டி போடாத பெண் சுறாக்கள்தான் வலையில் தீர்ந்துபோகும். ஆழத்தில் வாழும் சுறாக்கள் பலவும் இதே போல மெதுவாக வளர்ந்து, குறைவாகக் குட்டி போடுபவை. ஈரல் எண்ணெய்க்காகப் பிடிக்கப்படும் சென்ட்ரோஃபோரஸ் சுறாக்களில் சில ஒரு ஈற்றுக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். அவற்றின் பெயரைத் தவறாகப் பதிவு செய்வது சிறிய பிழை அல்ல.

முதலில் எண், பிறகு படம்

சுறா கையில் கிடைத்ததும் அதற்கு ஒரு எண் கொடுங்கள். இனி அதன் படம், அளவுத் தாள், சதைத் துண்டு, எக்ஸ்ரே, டிஎன்ஏ வரிசை எல்லாமே அந்த ஒரே எண்ணில்தான் போக வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். உடல் இல்லாத டிஎன்ஏ வரிசையை யாராலும் திரும்பிச் சரிபார்க்க முடியாது. டிஎன்ஏ எடுக்காமல் ஃபார்மலினில் போட்ட உடலிடம் பிறகு மரபணுக் கேள்வி கேட்பது மிகவும் கடினம்.

எண் எழுதும்போது பென்சிலால் தடித்த தாளில் எழுதி, குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். எத்தனால் பல மார்க்கர் மைகளைக் கரைத்துவிடும். நான் பழகத் தொடங்கிய காலத்தில் குப்பியின் வெளிப்பக்கம் மட்டும் எழுதி, ஒரு பெட்டி மாதிரிகளின் எண்களை இழந்தேன். சதை எல்லாம் நன்றாகவே இருந்தது. எது எந்தச் சுறாவின் சதை என்பதுதான் போய்விட்டது. இன்று நினைத்தாலும் மனம் கனக்கிறது.

அப்புறம் படம். இடது பக்கம் முழு உடல், தலையின் அடிப்பக்கம், இரண்டு முதுகுத் துடுப்புகளும் அவற்றின் முட்களும் தனித்தனியாக, வால், வாய் திறந்த நிலையில் பற்கள். ஒவ்வொரு படத்திலும் அளவுகோலும் எண்ணும் தெரிய வேண்டும். கேமராவை மிகக் கிட்டத்தில் பிடித்தால் மூக்கு பெரிதாகவும் வால் சிறிதாகவும் விழும். அந்தப் படத்தை வைத்துப் பிறகு எந்த அளவும் எடுக்க முடியாது. நிறத்தையும் உடனே குறித்துவிடுங்கள். உறைய வைத்த பிறகு, அதைவிட ஃபார்மலினில் போட்ட பிறகு, கண்ணின் பச்சையும் துடுப்பு ஓரத்து வெள்ளையும் கறுப்பும் மங்கிவிடும்.

சதைத் துண்டு: ஃபார்மலினுக்கு முன்னால்

ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்து, புரதங்களோடு பிணைத்துவிடுகிறது. ஆகவே உடலைப் பதப்படுத்தும் முன்பே சதை எடுக்க வேண்டும். படத்திலும் அளவிலும் இடது பக்கத்தைப் பயன்படுத்துவதால் வலது பக்கத்திலிருந்து எடுங்கள். தோலை விலக்கி, உள்ளிருந்து வெள்ளைத் தசை ஒரு பட்டாணி அளவு போதும். உயிரோடு திரும்ப விடப்போகும் சுறா என்றால் துடுப்பின் பின் ஓரத்தில் சிறு துண்டு போதும். கத்தியை ஒவ்வொரு சுறாவுக்கும் இடையில் நன்றாகத் துடைத்துத் தீயில் காட்டுங்கள், இல்லாவிட்டால் பிளேடை மாற்றுங்கள். துண்டை 95 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள எத்தனாலில், துண்டைப் போல பல மடங்கு கன அளவில் போட வேண்டும். பெரிய துண்டைச் சிறிய குப்பியில் திணித்தால் சதையில் உள்ள நீர் எத்தனாலை நீர்க்கச் செய்து, உள்பக்கம் கெட்டுப்போகும்.

கருவுற்ற பெண் சுறாவாக இருந்தால் குட்டிகளின் சதையையும் எடுத்து வைக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பின் டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே வருவது. தாயும் ஐந்து குட்டிகளும் ஒரே வரிசையைத் தந்தால் அது ஆறு சான்றுகள் ஆகாது, ஒரே சான்றுதான்.

பேரினத்தைத் தீர்மானிப்பது

இனத்துக்குத் தாவ வேண்டாம். முதலில் பேரினம், அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த குழு. இதைக் கண்ணாலேயே முடித்துவிடலாம்.

செவுள் பிளவுகளை எண்ணுங்கள். ஐந்துக்குப் பதில் ஆறோ ஏழோ இருந்து, முதுகுத் துடுப்பு ஒன்றே ஒன்று வாலுக்குப் பக்கத்தில் இருந்தால் அது ஹெக்சாங்கஸ், ஹெப்ட்ராங்கியாஸ் போன்றவற்றின் குடும்பம். உடல் விலாங்கு போல நீண்டு, பற்கள் மூன்று கூர்முனைகளோடு இருந்தால் கிளமிடோசெலாகஸ்.

செவுள் பிளவு ஐந்து, குதத் துடுப்பு இல்லை, இரண்டு முதுகுத் துடுப்புகளிலும் முள் என்றால் முள்ளைக் கையில் தொட்டுப் பாருங்கள். முள்ளின் பக்கவாட்டில் நீளமாகப் பள்ளம் ஓடினால் சென்ட்ரோஃபோரஸ், டீனியா, எட்மோப்டெரஸ் பக்கம் போங்கள். பள்ளம் இல்லாமல் வழவழப்பாக இருந்தால் ஸ்குவாலஸ் ஆக இருக்கலாம். வாலுக்குச் சற்று முன்னால் உடலின் இரு பக்கமும் தடித்த மேடு ஓடி, வால் துடுப்பின் மேல் மடலில் நுனிக்கருகே வெட்டும் இல்லாவிட்டால் பெரும்பாலும் ஸ்குவாலஸ்தான். சென்ட்ரோஃபோரஸில் அந்த மேடு இருக்காது, வெட்டு இருக்கும். மார்புத் துடுப்பின் உள்முனையும் பின்பக்கமாக நீண்டு கூராக இருக்கும். பற்களும் உதவும்: ஸ்குவாலஸில் மேல் பற்களும் கீழ்ப் பற்களும் ஒன்றுபோல இருக்கும். சென்ட்ரோஃபோரஸில் கீழ்ப் பற்கள் மேல் பற்களைவிடத் தெளிவாகப் பெரியவை. உடல் கறுத்து, அடிவயிறு இன்னும் கறுத்து, இரண்டாம் முள் முதல் முள்ளைவிடப் பெரிதாக இருந்தால் ஒளி உமிழும் எட்மோப்டெரஸைத்தான் பார்க்கிறீர்கள்.

அளவெடுத்தல்

உடலை நேராகப் படுக்க வைத்து, வாலை உடலின் கோட்டுக்கு இழுத்து, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை மொத்த நீளம் எடுங்கள். கூடவே வால் துடுப்பு தொடங்கும் இடம் வரையிலான நீளமும் தேவை. வால் நுனி பலவற்றில் அறுந்திருக்கும், அப்போது இதுதான் கைகொடுக்கும். எல்லா அளவுகளும் புள்ளிக்குப் புள்ளி நேர்கோட்டில், காலிப்பரால். உடலின் வளைவின் மேல் நாடாவைப் போட்டு அளப்பது பிழை.

குறைந்தது இவை வேண்டும்: மூக்கு நுனி முதல் நாசித்துளை வரை, கண் வரை, வாய் வரை, முதல் முதுகுத் துடுப்பின் தொடக்கம் வரை. அதற்கு மேல் கண் நீளம், வாய் அகலம், இரு முதுகுத் துடுப்புகளுக்கு இடையே உள்ள தூரம், ஒவ்வொரு துடுப்பின் உயரம், ஒவ்வொரு முள்ளின் நீளம், மார்புத் துடுப்பின் முன் ஓரம். ஒவ்வொன்றையும் மொத்த நீளத்தின் சதவீதமாக மாற்றுங்கள். 720 மி.மீ. சுறாவில் மூக்கு நுனி முதல் வாய் வரை 68 மி.மீ. என்றால் 9.4 சதவீதம். இப்படி மாற்றினால்தான் வேறு நீளமுள்ள சுறாவோடு ஒப்பிட முடியும்.

சதவீதமாக மாற்றியும் எல்லாம் சரியாகிவிடாது. குட்டியின் கண் உடலோடு பார்த்தால் பெரியது, மூக்கும் அப்படியே. வளர வளர விகிதங்கள் மாறும். கருவுற்ற பெண்ணின் வயிறு துடுப்புகளுக்கு இடையிலான தூரத்தையே நீட்டிவிடும். ஆகவே குட்டியைக் குட்டியோடு, வளர்ந்த ஆணை வளர்ந்த ஆணோடு ஒப்பிடுங்கள். ஆண் வளர்ந்ததா என்பது அதன் புணர் உறுப்புகளில் தெரியும்: வளர்ந்ததில் அவை இடுப்புத் துடுப்பைத் தாண்டி நீண்டு, விறைத்திருக்கும். குட்டியில் குட்டையாக, வளைகிற மாதிரி இருக்கும். பதப்படுத்திய உடல் சுருங்கும் என்பதால் புதியதோடு பழையதை நேராக ஒப்பிட வேண்டாம்.

அளவுகளை மறுநாள் இன்னொரு முறை எடுங்கள். இரண்டு நாள் அளவுகளுக்கு இடையே வரும் வித்தியாசம், நீங்கள் தேடுகிற இரண்டு இனங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால் அந்த அளவை நம்பி எதுவும் சொல்லக்கூடாது. புதிதாக வருகிறவர்கள் இதை அலுப்பாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

எந்தப் பேரினத்தில் எதைப் பார்ப்பது

எல்லாப் பேரினத்துக்கும் பொதுவான மந்திர அடையாளம் எதுவும் கிடையாது.

ஹெக்சாங்கஸில் கீழ்த்தாடையைப் பாருங்கள். ரம்பம் போன்ற அகன்ற பற்கள் ஒவ்வொரு பக்கமும் ஆறு வரிசை இருந்தால் ஹெக்சாங்கஸ் கிரிசியஸ். ஐந்து என்றால் பெரிய கண்ணுள்ள அதன் சிறிய உறவினம். வளர்ந்த கிரிசியஸ் 4 மீட்டரைக்கூடத் தாண்டலாம் என்பதால் வளர்ந்தவற்றில் குழப்பம் வராது. ஒன்றரை மீட்டர் இளம் கிரிசியஸ்தான் ஏமாற்றும். அப்போது பல்லை எண்ணினால் போதும்.

ஸ்குவாலஸில் 30-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. இங்கேதான் பொறுமை வேண்டும். முதல் முள் துடுப்பின் உச்சியை எட்டுகிறதா, பாதியிலேயே நின்றுவிடுகிறதா? முதல் முதுகுத் துடுப்பு மார்புத் துடுப்பின் உள்முனைக்கு நேர் மேலே தொடங்குகிறதா, அதற்குப் பின்னாலா? நாசித்துளையின் முன் மடல் ஒற்றையா, இரண்டாகப் பிரிந்ததா? வால் துடுப்பில் கறுப்பு எங்கே, வெள்ளை ஓரம் எங்கே? உடலில் வெள்ளைப் புள்ளிகள் உண்டா? இவற்றின் கூட்டுதான் பதில் தரும், ஒற்றை அடையாளம் தராது. முள் நுனி உடைந்திருந்தால் அந்த அளவை விட்டுவிடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

முதுகெலும்புக் கணுக்களின் எண்ணிக்கையும் ஸ்குவாலஸில் மிகவும் பயன்படும். எக்ஸ்ரே எடுத்து மூன்று எண்களாக எழுதுங்கள்: உடற்பகுதியில் நீண்ட கணுக்கள் எத்தனை, அவை திடீரென்று குட்டையாக மாறும் இடத்திலிருந்து வால் துடுப்பு வரை எத்தனை, மொத்தம் எத்தனை. வளரும்போது விகிதங்களைப் போல இந்த எண்ணிக்கை மாறாது. குட்டியை அடையாளம் காண இதுவே பெரிய துணை.

சென்ட்ரோஃபோரஸில் தோலைப் பாருங்கள். சுறாத் தோலில் பதிந்திருக்கும் நுண்ணிய செதில்கள், உண்மையில் பல்லின் அமைப்பைக் கொண்ட தோல்பற்கள். முதல் முதுகுத் துடுப்புக்குக் கீழே, உடலின் நடுப்பக்கத்திலிருந்து சிறு துண்டுத் தோலை எடுத்து உருப்பெருக்கியில் வையுங்கள். சென்ட்ரோஃபோரஸ் ஸ்குவாமோசஸில் ஒவ்வொரு தோல்பல்லும் காம்பின் மேல் எழுந்த இலை போல, ஒன்றின் மேல் ஒன்று படர்ந்து இருக்கும். கிரானுலோசஸில் காம்பு இல்லாமல், தோலோடு ஒட்டிய கட்டை போல இருக்கும். கையால் தடவினாலே வித்தியாசம் தெரியும். ஆனால் இந்தத் தோல்பற்களும் வயதோடு மாறுகின்றன. சென்ட்ரோஃபோரஸ் ஆக்கஸ், சென்ட்ரோஃபோரஸ் நியாவ்காங் என்று இரண்டு தனிப் பெயர்களில் திரிந்தவை சென்ட்ரோஃபோரஸ் கிரானுலோசஸ்தான் என்று 2013-இல் வெளியான ஆய்வு முடிவு செய்தது. வளர்ச்சியில் வரும் மாற்றத்தை இன வேறுபாடாக எடுத்துக்கொண்டதன் விலை அது. எடுத்த இடத்தையும் சுறாவின் நீளத்தையும் குறிக்காத தோல்பல் படம் பயனில்லாதது என்று நான் சொல்வது இதனால்தான்.

எட்மோப்டெரஸில் இடுப்புத் துடுப்புக்கு மேலே பக்கவாட்டில் இருக்கும் கறுப்புப் பட்டை முக்கியம். ஒளி உமிழும் நுண் உறுப்புகள் அடர்ந்த இடம் அது. பட்டையின் முன் கிளை நீளமா, பின் கிளை நீளமா, எங்கே முடிகிறது என்பதை அளந்து எழுதுங்கள். தோல்பற்கள் கோடு போட்டாற்போல வரிசையாக இருக்கின்றனவா, சிதறி இருக்கின்றனவா என்பதும் பெரிய பிரிவு. எட்மோப்டெரஸ் லூசிஃபரும் அதன் நெருங்கிய உறவுகளும் வரிசைக் கட்சி. தோல் வலையில் உரிந்துபோயிருந்தால் இரண்டு அடையாளமும் போய்விடும். அப்போது டிஎன்ஏதான் வழி.

டிஎன்ஏ என்ன சொல்லும்

பெரும்பாலோர் ஒரு ஆய்வகத்துக்குச் சதையை அனுப்பி, வரிசையைத் திரும்பப் பெறுவீர்கள். வழக்கமாக இரண்டு மைட்டோகாண்ட்ரியா மரபணுக்கள் பார்க்கப்படும். ஒன்று சிஓஐ, சுமார் 650 எழுத்துகள் (டிஎன்ஏவின் ஏ, டி, ஜி, சி என்ற அலகுகள்) கொண்ட துண்டு. விலங்குகளுக்கெல்லாம் பொதுவான பார்கோடு என்று பெயர் பெற்றது இது. மற்றது என்டி2, ஆயிரம் எழுத்துகளுக்குச் சற்று மேல். சுறாக்களில் பெரிய ஒப்பீட்டுத் தொகுப்பு என்டி2-வுக்கும் இருக்கிறது. முடிந்தால் இரண்டையும் கேளுங்கள். சுறாக்களின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பாலூட்டிகளுடையதைவிடப் பல மடங்கு மெதுவாக மாறுவது. சிஓஐயில் ஒரு சதவீத வித்தியாசம் என்றால் ஆறேழு எழுத்துகள்தான். அவ்வளவு குறைவான எழுத்துகளில் இரண்டு எழுத்து வாசிப்புப் பிழையாக இருந்தால் முடிவே மாறிவிடும்.

ஆகவே வரிசை வந்ததும் முதல் வேலை, ஒவ்வொரு எழுத்தையும் ஒரு முகடாகக் காட்டும் அலைவரைபடத்தைத் திறந்து பார்ப்பது. இரு திசையிலும் வாசித்த வரிசைகள் ஒத்துப்போகின்றனவா? தொடக்கத்திலும் முடிவிலும் கலங்கிய பகுதியை வெட்டிவிட்டீர்களா? பிறகு அதைப் புரத எழுத்துகளாக மாற்றிப் பாருங்கள். முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியாவுக்கு உரிய குறியீட்டு அட்டவணையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண அட்டவணையில் போட்டால் நல்ல வரிசையும், புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் நிறுத்தக் குறி நடுவிலேயே விழுந்து வரும். சரியான அட்டவணையிலும் நடுவில் நிறுத்தம் வந்தால் வாசிப்பில் பிழை, அல்லது உயிரணுவின் உட்கருவுக்குள் குடியேறிய, அந்த மரபணுவின் பழைய நகலைப் படித்திருக்கிறீர்கள்.

சரி, இப்போது பொதுத் தரவுத்தளத்தில் தேடுகிறீர்கள். 99.8 சதவீதம் பொருத்தம் என்று ஒரு பெயர் வருகிறது. உடனே அதை எழுதிவிடாதீர்கள். அந்த வரிசையைப் போட்டவரும் உங்களைப் போலவே ஒரு சாம்பல் நிறச் சுறாவுக்கு முன் நின்று குழம்பியிருக்கலாம். அந்த வரிசைக்கு உடல் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது, எந்தக் கடலில் கிடைத்தது என்று பாருங்கள். அந்த இனம் முதன்முதலில் விவரிக்கப்பட்ட கடலிலிருந்து வந்த வரிசைக்கு அதிக மதிப்புக் கொடுங்கள். ஒரே பொருத்தத்தைப் பார்க்காமல் முதல் ஐம்பது வரிசைகளையும் இறக்கி, உறவு மரம் ஒன்று வரையுங்கள். உங்கள் சுறா ஒரே பெயருள்ள கொத்துக்குள் போய் உட்கார்கிறதா, மூன்று பெயர்கள் கலந்த கொத்துக்குள்ளா என்பது மரத்தில்தான் தெரியும்.

இத்தனை சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் தனி இனம் என்று ஒரு எல்லைக்கோடு எல்லாச் சுறாவுக்கும் கிடையாது. ஸ்குவாலஸில் உருவத்தில் பிரிந்து நிற்கும் சில இனங்கள் சிஓஐயில் மிகச் சில எழுத்துகளில்தான் வேறுபடுகின்றன. ஹெக்சாங்கஸில் நேர் எதிர். அட்லாண்டிக்கின் சிறிய ஆறுசெவுள் சுறாவுக்கு 1969-இல் ஹெக்சாங்கஸ் விட்டூலஸ் என்று பெயர் வைத்தார்கள். பிறகு அதுவும் 1962-இல் தைவானிலிருந்து விவரிக்கப்பட்ட ஹெக்சாங்கஸ் நகமுராயும் ஒன்றே என்று பெயரைக் கைவிட்டார்கள். உருவத்தில் அவ்வளவு நெருக்கம். 2018-இல் சிஓஐ, என்டி2 இரண்டையும் சேர்த்து 1,310 எழுத்துகளை ஒப்பிட்டபோது 7 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம், அதாவது 90 எழுத்துகளுக்கு மேல். பழைய பெயர் உயிர் பெற்றது.

இரண்டும் முரண்பட்டால்

உடல் ஒன்றைச் சொல்ல, டிஎன்ஏ வேறொன்றைச் சொன்னால் பதற வேண்டாம். எது பெரியது என்று தீர்ப்பும் வேண்டாம். ஒன்றன்பின் ஒன்றாக இவற்றைச் சரிபாருங்கள். குப்பி மாறிவிட்டதா? சேமித்து வைத்த சதையிலிருந்து புதிதாக ஒரு துண்டு எடுத்து மறுபடி வாசித்தால் தெரியும். நீங்கள் பார்த்த உடல் அடையாளம் வயதாலோ ஆண், பெண் என்பதாலோ மாறக்கூடியதா? தரவுத்தளத்தில் இருக்கும் பெயர் தவறா? இவை எல்லாம் சரி என்றால், உட்கரு மரபணுக்களையும் பார்க்க வேண்டிய நேரம். மைட்டோகாண்ட்ரியா தாய் வழியை மட்டும் காட்டும் என்பதால் கலப்பினத்தை அது மட்டும் காட்டிக்கொடுக்காது. கலப்பு சுறாக்களில் நடக்காது என்று எண்ண வேண்டாம். 2012-இல் ஆஸ்திரேலியக் கரையோரத்தில், ஆழமற்ற நீரில் வாழும் இரண்டு கார்கரைனஸ் இனங்களுக்கு இடையே கலப்பு உறுதியானது. அதில் துப்பாக அமைந்தது இதே முரண்பாடுதான்: உடல் ஒரு இனம், மைட்டோகாண்ட்ரியா இன்னொன்று.

சீட்டில் என்ன எழுதுவது

எல்லாம் ஒத்துப்போனால் இனப் பெயரை எழுதி, எந்த அடையாளத்தை வைத்துத் தீர்மானித்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். ஒத்துப்போகாவிட்டால் பேரினத்தோடு நிறுத்துங்கள், அல்லது "இந்த இனத்தோடு ஒப்பிடத்தக்கது" என்று எழுதுங்கள். தேதி, இடம், ஆழம், யார் அளந்தது என்பவை கட்டாயம். பிறகு உடலைப் பொது அருங்காட்சியகச் சேகரிப்பில் ஒப்படைத்து, அங்கே கிடைக்கும் பதிவு எண்ணை டிஎன்ஏ வரிசையோடு தரவுத்தளத்தில் ஏற்றிவிடுங்கள்.

உறுதியில்லாத பெயரை உறுதியில்லாதது என்றே எழுதி வைப்பது வீண்போகாது. மெக்சிகோ வளைகுடாவில் கிடைத்த ஒரு ஸ்குவாலஸை, 1903-இல் ஜப்பானிலிருந்து பெயர் பெற்ற ஸ்குவாலஸ் மிட்சுகுரியையோடு ஒப்பிடத்தக்கது என்று மட்டும் குறித்து வந்தார்கள். 2018-இல் அதன் உடல் அளவுகளையும் மைட்டோகாண்ட்ரியா வரிசைகளையும் உறவினங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தனி இனம் என்று அறிவித்தார்கள். சுறா ஆய்வாளர் யூஜினி கிளார்க்கின் நினைவாக இப்போது அதன் பெயர் ஸ்குவாலஸ் கிளார்க்கே.